தீபாவளிக்குப் பிந்திய பதினைந்து நாள்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை. மலருக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



செயலாளர் தொலைபேசியில் அழைத்தபோது, "பண்டிகைக் காலத்தில் மனநலம் பேணுவது பற்றி இருபது நிமிடம் பேசுங்கள், ஆனால் கொஞ்சம் சந்தோஷமாகப் பேசுங்கள்" என்றார். முயற்சி செய்கிறேன். தலைப்பில் தீபாவளி என்று வைத்திருக்கிறேன். இங்கே இருக்கும் முஸ்லிம் சகோதரிகள் அதை நோன்புப் பெருநாள் என்றும், கிறிஸ்தவச் சகோதரிகள் நத்தார் என்றும் மாற்றி எடுத்துக்கொள்ளலாம். சித்திரைப் புத்தாண்டுக்கும் அப்படியே பொருந்தும்.

சில ஆண்டுகளுக்கு முன், தீபாவளி முடிந்து மூன்றாவது வாரத்தில், வெளிநோயாளர் பிரிவுக்கு ஒரு பெண் வந்தார். நாற்பதை நெருங்கும் வயது, தோட்டத்தில் கொழுந்து எடுப்பவர். அவர் யாரென்று தெரியாதபடி சில விபரங்களை மாற்றிச் சொல்கிறேன். "தலைவலி மிஸ், ராவெல்லாம் தூக்கமில்ல, நெஞ்சு படபடன்னு அடிக்குது" என்றார். இரத்த அழுத்தம் பார்த்தேன், சரியாக இருந்தது. வெளியே நூறு பேருக்கு மேல் வரிசையில் நின்றார்கள். நான் துண்டில் பனடோல் எழுதிவிட்டு அடுத்த இலக்கத்தைக் கூப்பிடத் தயாரானேன். பக்கத்தில் நின்ற தாதி, பேச்சுக்குக் கேட்பது போல, "தீவாளி எப்படிப் போச்சு அக்கா?" என்று கேட்டார்.

"தீவாளி நல்லாத்தான் போச்சு. அதுக்கப்புறம்தான்..." என்றார் அந்தப் பெண். அதற்கு மேல் பேச முடியாமல் அழத் தொடங்கிவிட்டார். எழுதிய துண்டை நான் கிழித்துப் போட்டேன்.

அவர் சொன்னதில் புதிதாக ஒன்றும் இல்லை. தோடு அடகில் இருந்தது. கணவர் இரண்டு நாள் குடித்திருந்தார். மூத்த மகன், அம்மா பார்த்துப் பார்த்து வாங்கிய சட்டையை மலிவுச் சட்டை என்று மூலையில் எறிந்திருந்தான். இதையெல்லாம் அவர் தாங்கிக்கொண்டார், ஏனென்றால் பலகாரம் சுட வேண்டும், தங்கை குடும்பம் வரும், கோவிலுக்குப் போக வேண்டும். அடுத்து சம்பள நாள் வந்தது. முற்பணத்தின் முதல் தவணை கழிந்த சம்பளத் துண்டைக் கையில் வாங்கிய அன்று இரவிலிருந்துதான் தூக்கம் போனது. தான் இல்லாவிட்டால் பிள்ளைகள் நன்றாக இருப்பார்கள் என்ற எண்ணம் நான்கு இரவுகளாகத் தனக்கு வருவதாகவும் சொன்னார். நான் அவருக்கு இரண்டு பனடோல் கொடுத்து அனுப்ப இருந்தேன்.

அந்த நாளுக்குப் பிறகு நான் கவனிக்கத் தொடங்கிய விடயம் இதுதான்: பண்டிகை நாளில் மனிதர்கள் பெரும்பாலும் உடைந்து போவதில்லை. வேலை இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், இன்று ஏதாவது நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பும் இருக்கிறது. இவை எல்லாம் ஒரே நேரத்தில் விலகும் நாட்கள்தான் ஆபத்தானவை. மேலைநாடுகளில் இதை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். நத்தாருக்குத் தற்கொலைகள் கூடும் என்று பலரும் நினைப்பதுண்டு. உண்மையில் அந்த நாட்களில் குறைகின்றன, புத்தாண்டுத் தினத்தில் கூடுகின்றன. நாங்களோ பண்டிகைக்கு முதல் வாரம் ஒருவரை ஒருவர் "எப்படி இருக்கிறீர்கள்" என்று பத்துத் தடவை கேட்கிறோம். பலகாரத் தட்டு திரும்பிப் போன பிறகு யாரும் யாரையும் கேட்பதில்லை.

முற்பணத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். மனநலம் பற்றிய பேச்சில் கணக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். ஆண்டுதோறும் ஐப்பசி நெருங்கும்போது தோட்டங்களில் தீபாவளி முற்பணம் எவ்வளவு, எந்தத் தேதியில் என்று பேச்சு நடக்கும், பத்திரிகையில் வரும், சில தோட்டங்களில் போராட்டமும் நடக்கும். அது போனஸ் அல்ல, கடன் என்பதை வெளியூர்க்காரர் பலர் அறியமாட்டார்கள். உதாரணத்துக்கு 15,000 ரூபாய் எடுத்துப் பத்துத் தவணையில் கழிப்பதாக வைத்துக்கொள்வோம். மாதம் 1,500. 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1,350 ரூபாய். அந்தச் சம்பளத்தில் அடுத்த பத்து மாதமும், மாதத்தில் ஒரு முழுப் பேருக்கு மேல் சென்ற தீபாவளிக்காகவே வேலை செய்ய வேண்டும். சேமலாப நிதி, சந்தா, கடைக்கடன் எல்லாம் வேறு. அரச உத்தியோகத்தில் இருக்கும் நாங்களும் பண்டிகை முற்பணம் எடுக்கிறோம், எங்களுக்கும் மாதாமாதம் கழிகிறது. எங்களுக்கு அது ஒரு வரி, அவர்களுக்கு அது ஒரு வாரத்து அரிசி. நாவுலப் பக்கத்து விவசாயக் குடும்பங்களுக்கும் இதே கதைதான். தீபாவளி வரும் நேரம்தான் பெரும்போகத்துக்கு வயலில் காசு இறங்கும் நேரம். பின்னால் ஜனவரியில் பாடசாலைச் செலவு, பொங்கல், மாசி மகத்துக்கு மாத்தளை முத்துமாரியம்மன் தேர், அதற்குள் சித்திரை.

"முற்பணம் எடுக்காதீர்கள்" என்று நான் சொல்லப் போவதில்லை. அப்படிச் சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. எடுக்கும்போது வீட்டில் சத்தமாகச் சொல்லி எடுங்கள் என்பதே என் வேண்டுகோள். எவ்வளவு வரும், எதற்குப் போகும், எப்போது வரை கழியும் என்று பிள்ளைகளையும் இருத்திச் சொல்லுங்கள். புரட்டாசியிலேயே சொல்லுங்கள். இந்த முறை பலகாரம் இரண்டுதான், உடுப்பு ஒன்றுதான் என்று ஒரு மாதம் முன்னால் கேட்ட பிள்ளை இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருக்கும், மூன்றாம் நாள் மறந்துவிடும். முதல் நாள் இரவு தெரிய வந்தால்தான் சட்டை மூலைக்குப் பறக்கும். கிளினிக்கில் நான் கேட்கும் பண்டிகைச் சண்டைகளில் பெரும்பாலானவை காசு இல்லாததால் வந்தவை அல்ல. காசு இல்லை என்பதை ஒருவர் மற்றவரிடம் மறைத்ததால் வந்தவை.

உடுப்பு என்றதும் எனக்கு ஒரு ஞாபகம் வருகிறது. நான் ஆறாம் ஆண்டில் இருந்தபோது, தீபாவளி விடுமுறை முடிந்து பாடசாலை தொடங்கும் நாளில் வெள்ளைச் சீருடை போட வேண்டியதில்லை, கலர் உடுப்பில் வரலாம். அந்த ஒரு நாளுக்காக நாங்கள் எவ்வளவு காத்திருந்தோம்! ரிபன், வளையல், புதுச் செருப்பு, மைதானம் முழுக்கப் பூத்தது போல் இருக்கும். என் பக்கத்தில் இருக்கும் பிள்ளை அன்று வரமாட்டாள். அடுத்த நாள் வெள்ளை உடுப்பில் வருவாள், காய்ச்சல் என்பாள். அடுத்த வருடமும் அதே நாளில் காய்ச்சல். அதற்கடுத்த வருடமும். மூன்றாம் வருடம் நான் அவளைப் பார்த்து, "உனக்கு மட்டும் எப்படிடி தீவாளிக்கு மறுநாள் காய்ச்சல் வருது?" என்று எல்லோர் முன்னும் கேட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். எனக்கு விளங்கியபோது நான் மருத்துவ மாணவி. அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. இந்த மண்டபத்தில் இருந்தால், எனக்குத் தெரியாமல் போய்விட்டது அம்மா, மன்னித்துக்கொள்.

இங்கே ஆசிரியைகளாக இருக்கும் பழைய மாணவிகள் பலர் இருக்கிறீர்கள். எந்தப் பாடசாலையில் இந்தக் கலர் உடுப்பு நாள் இன்னும் இருந்தாலும், தயவு செய்து அன்றைய வரவுப் பதிவேட்டைப் பாருங்கள். வராத பெயர்களைச் சென்ற வருடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்குத் தெரிந்த வரையில் அதைவிடச் சுலபமான உளநலப் பரிசோதனை கிடையாது, செலவும் இல்லை.

துக்கம் நடந்த வீடுகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. ஆண்டு முடியாத வீட்டில் பண்டிகை இல்லை, எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை, அக்கம்பக்கத்தார் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள் என்பது நம் வழக்கம். படித்தவர்கள் சிலர் இதைப் பழைய பஞ்சாங்கம் என்கிறார்கள். எனக்கு அது மிகவும் நாகரிகமான ஏற்பாடாகத் தெரிகிறது. நீ இந்த வருடம் சிரிக்க வேண்டியதில்லை, யாருக்கும் காரணம் சொல்லவும் வேண்டியதில்லை, ஆனால் உன் வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். இந்த மூன்றையும் ஒன்றாகக் கொடுக்கும் மருந்து எங்கள் மருந்தகத்தில் இல்லை. தோட்டப் பக்கத்தில் தீபாவளிக்கு முதல் நாள் இறந்தவர்களுக்குப் புதுத்துணி வைத்து, அவர்களுக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்து, பெயர் சொல்லி அழுவார்கள். என் அப்பம்மா அழுது முடித்துவிட்டு முகம் கழுவி, "சரி, இனி முறுக்கு மாவைப் பிசைங்க" என்பார். அழுவதற்கு ஒரு நேரமும் இடமும் இருந்ததால் மறுநாள் அவரால் சிரிக்க முடிந்தது. கஷ்டம் எங்கே வருகிறதென்றால், வழக்கத்தில் பாதியை மட்டும் வைத்துக்கொள்ளும்போது. பண்டிகை இல்லை என்பதை வைத்துக்கொண்டோம், வீட்டுக்குப் போய் இருந்து பேசுவதை விட்டுவிட்டோம். தட்டை வாசலில் கொடுத்துவிட்டு மோட்டார் சைக்கிளை அணைக்காமலே திரும்பி வருகிறோம். ஆண்டுத் திவசம் முடிந்த பிறகு வரும் முதல் தீபாவளியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். "இனிக் கொண்டாடலாம்தானே" என்கிறார்கள். பல தாய்மாருக்கு அதுதான் மிகக் கடினமான தீபாவளி.

குவைத்திலும் சவூதியிலும் வேலைக்குப் போயிருக்கும் தாய்மாரின் பிள்ளைகளையும் இந்த வரிசையில் சேர்க்க வேண்டும். அன்று காலை வீடியோ அழைப்பில் புது உடுப்பைக் காட்டும்போது எல்லோரும் சிரிக்கிறார்கள். அழைப்பு முடிந்து அரை மணித்தியாலம் கழித்து அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறது என்று பாட்டியோ சித்தியோ ஒரு தடவை பார்த்தால் போதும்.

இனி, வைத்தியர் என்ற முறையில் சில விடயங்களைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். மனநோய்க்கு மருந்து எடுப்பவர்கள் நம் எல்லோர் குடும்பத்திலும் இருக்கிறார்கள், வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். பண்டிகை வாரத்தில் கிளினிக் நாள் விடுமுறையில் விழுந்துவிடும். "ஒரு வாரம்தானே" என்று விடுகிறார்கள். அல்லது விருந்தினர் முன் குளிசை விழுங்க வெட்கப்பட்டு விடுகிறார்கள். மனச்சோர்வுக்கான மருந்தைத் திடீரென நிறுத்தினால் சில நாட்களில் தலைச்சுற்று, எரிச்சல், தூக்கமின்மை வரலாம். அதைப் பார்த்து "பண்டிகை நேரத்தில் இவள் வேண்டுமென்றே சண்டை பிடிக்கிறாள்" என்பார்கள். கிளினிக் கொப்பியில் அடுத்த தேதியைப் பாருங்கள். விடுமுறையில் விழுந்தால் இரண்டு கிழமைக்கு முன்னரே போய்க் கேளுங்கள். மருந்து தருவார்கள்.

லித்தியம் எடுப்பவர்கள் விரதம் பற்றி அவசியம் வைத்தியரிடம் கேட்க வேண்டும். தீபாவளி முடிந்த கையோடு கந்தசஷ்டி வரும், ஆறு நாள். ரமழானில் முப்பது நாள். உடம்பில் நீர் குறைந்தால் இரத்தத்தில் லித்தியத்தின் அளவு ஏறும். கை நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் என்று வந்தால் அது வைத்தியசாலைக்கு ஓட வேண்டிய நிலைமை. நோயாளிக்கு நோன்பில் சலுகை உண்டு என்பதை முஸ்லிம் சகோதரிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முருகப்பெருமானும் அப்படிக் கறாரானவர் இல்லை என்றே நம்புகிறேன்.

தூக்கமும் அப்படித்தான். மூன்று இரவு அடுப்படியில் நின்று பலகாரம் சுடுவது நம் வீடுகளில் பெருமை. மனம் அளவுக்கு மீறி எழும்பும் நோய் உள்ள ஒருவருக்கு அந்த மூன்று இரவுகளே நோயைத் திரும்பக் கொண்டுவரப் போதும். முதல் அறிகுறி அழுகையாக இருக்காது. தூங்காமலே களைப்பில்லாமல் இருப்பார், வேகமாகப் பேசுவார், கடை கடையாக வாங்குவார், எல்லோருக்கும் கொடுப்பார். "இந்த வருஷம் அக்கா என்ன உற்சாகம்!" என்று நாமும் மகிழ்வோம். அக்காவை அன்று இரவு படுக்க வையுங்கள். முறுக்கைக் கடையில் வாங்கலாம்.

மதுவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சித்திரைப் புத்தாண்டுக்கு மதுக்கடைகளை மூடுகிறார்கள். முதல் நாள் மாலை கடை வாசலில் நிற்கும் வரிசையைப் பார்த்தவர்களுக்கு அந்த மூடுதலின் பெறுமதி தெரியும். ஆனால் மதுவோடு சேர்த்து ஒன்றை இந்த ஊரில் சொல்லியாக வேண்டும். நாவுல, தம்புள்ளைப் பக்கத்தில் வெங்காயமும் மரக்கறியும் செய்யும் வீடுகளில் கிருமிநாசினிப் போத்தல் கட்டிலுக்கு அடியிலோ கூரை இடுக்கிலோ இருக்கும். 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகில் மிக உயர்ந்த அளவுகளில் அது ஒன்று. அந்த ஆண்டிலும் 1998இலும் மிகக் கொடிய கிருமிநாசினிகள் தடை செய்யப்பட்டன. பத்தே ஆண்டுகளில் அந்த எண் பாதியானது. 2008க்குப் பின் மேலும் மூன்று தடை செய்யப்பட்டன. எண் மேலும் இறங்கியது. இதிலிருந்து நான் படித்த பாடம், சாக வேண்டும் என்ற அந்த வேகம் பலரிடம் ஒரு சண்டைக்குப் பிறகு சில நிமிடங்களில் எழும்பி அடங்கிவிடுவது. அந்த நிமிடங்களில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் உயிரைத் தீர்மானிக்கிறது.

பூட்டிய பெட்டியில் வைத்தால் சரியாகுமா என்று அனுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களில், 53 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் பரிசோதித்தார்கள். 2017இல் முடிவு வந்தது. பெட்டியால் பலன் கிடைத்ததாகக் காட்ட முடியவில்லை. திறப்பும் வீட்டுக்குள்தானே இருக்கிறது. அதனால் நான் பெட்டி வாங்கச் சொல்லவில்லை. வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவு மட்டும் வாங்குங்கள். மிஞ்சியதை வீட்டில் வைக்காதீர்கள். யாராவது மனம் உடைந்திருக்கும் வீட்டில், பண்டிகை வாரத்தில், ஒரு துளிகூட இருக்க வேண்டாம்.

யாரைக் கவனிக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நம் பெண்கள் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்லி வருவதில்லை. தலைவலி, உடம்பு உலைச்சல், நெஞ்சு படபடப்பு, சாப்பாடு இறங்கவில்லை என்றுதான் வருவார்கள். இரண்டு கிழமைக்கு மேல் தூக்கம் கெட்டு, முன்பு பிடித்த எதிலும் மனம் இல்லாமல், எல்லாம் தன் பிழை என்று சொல்லிக்கொண்டிருந்தால் அது களைப்பல்ல. அவரிடம் நேராகக் கேளுங்கள். "செத்துப் போயிரலாமான்னு தோணுதா?" என்று கேட்டால், இல்லாத எண்ணத்தை நாமே புகுத்திவிடுவோமோ என்று பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. இல்லை என்றால் இல்லை என்பார். ஆம் என்றால், யாராவது கேட்டார்களே என்று மூச்சு விடுவார். ஆம் என்று சொன்னவரைத் தனியே விடாதீர்கள், புத்திமதி சொல்லாதீர்கள், "பிள்ளைகளை நினைத்துப் பார்" என்று மட்டும் சொல்லவே சொல்லாதீர்கள். அவர் ஏற்கெனவே அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார். மாத்தளை மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அழைத்து வாருங்கள். அங்கொடை தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம். அவசரமென்றால் 1990 அம்புலன்ஸ்.

அந்தப் பெண்ணுக்கு என்ன ஆனது என்று சொல்லவில்லையே. தங்கை மூன்று வாரம் கூட வந்து படுத்தார். உளநலப் பிரிவுக்கு அனுப்பினோம், எட்டு மாதம் மருந்து எடுத்தார். கணவர் இப்போதும் குடிக்கிறார். முற்பணமும் எடுக்கிறார்கள், எடுக்காமல் முடியாது. அடுத்த தீபாவளி முடிந்து மூன்றாவது வாரம், கிளினிக் நாள் இல்லாத ஒரு நாளில், அவரே வந்து என் மேசைக்கு முன் நின்றார். நான் பயந்துவிட்டேன். "ஒண்ணுமில்ல மிஸ், போன வருஷம் இந்த நேரம்தானே, அதான் ஒரு தடவ காட்டிட்டுப் போலாம்னு" என்றார். தாதியையும் தேடினார். அவர் இடமாற்றம் பெற்றுப் போயிருந்தார்.

என் நேரம் முடிந்துவிட்டது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். சந்தோஷமாகப் பேசச் சொன்னீர்கள், மன்னிக்க வேண்டும். தேநீர் வேளையில் நூலகத்துக்குப் பக்கத்து வகுப்பறையில் தனியாக இருப்பேன், கதவைச் சாத்தி வைத்திருப்பேன். யாராவது வர விரும்பினால் வரலாம். தலைவலி என்று சொல்லிக்கொண்டு வந்தாலும் சரி.